எழுபதைக் கடந்த ரொக் கலைஞர்களைச் சிறிய மண்டபத்தில் கேட்கப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொட்டகலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 1970களில் கொழும்பு ஹோட்டல்களில் ரொக் இசை வாசித்த நால்வர் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சிறிய மண்டபத்தில் நூறு பேருக்கு முன்னால் வாசிக்கப் போகிறார்கள். எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். அப்பாவுக்கு இளம் வயது முதலே அவர்கள் மீது பிரியம். இரண்டு டிக்கெட் வாங்கினால் அம்மாவின் பல நாள் சம்பளம் போய்விடும். அப்பாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். "பழைய குரலும் வேகமும் இப்போது இருக்குமா, காசைக் கொடுத்து ஏமாந்து வருவோமா?" என்று கேட்கிறார்.

போங்கள். அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பல வருடம் பேஸ் கிற்றார் வாசித்துவிட்டு, பிறகு மலையகத்து மேடைகளுக்கு ஒலியமைப்புச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய குரல் இருக்காது. பழைய வேகமும் இருக்காது. ஆனால் ஐம்பது வருடம் சேர்ந்து வாசித்தவர்களுக்கு மட்டுமே வரும் ஒன்று அங்கே இருக்கும். அதைக் கேட்க நூறு பேர் உட்காரும் மண்டபத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள். அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

குரலிலிருந்து தொடங்குவோம். குரல்நாண் என்பது தசையும் அதன் மேல் போர்த்திய மெல்லிய சவ்வும் சேர்ந்தது. வயது ஏற ஏறத் தசை மெலிகிறது, சவ்வின் நெகிழ்வு குறைகிறது. பாடும்போது இரண்டு நாண்களும் முழுதாக ஒட்டாமல் நடுவில் சிறு இடைவெளி விழுகிறது. அதன் வழியே காற்று கசிவதால்தான் முதியவர்களின் குரலில் மூச்சு கலந்து கேட்கிறது. ஆண்களின் குரல் முதுமையில் சற்று மேலே ஏறவும் செய்யும். பலருக்கு இது வியப்பாக இருக்கும். நுரையீரல் முன்போல விரியாததால், ஒரே மூச்சில் இழுத்த வரியை இரண்டாக உடைத்துப் பாட வேண்டி வருகிறது. கச்சேரி செய்யும் இடத்தையும் மறக்கக் கூடாது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமக்கு அது பழகிப்போனது. அன்று பகலில் வேனில் ஏறி வந்து மாலையில் பாடுகிற எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு அனுபவசாலிகள் செய்யும் முதல் வேலை சுருதியை இறக்குவது. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுவார்கள். கிற்றார்க்காரர் விரல் வைக்கும் இடத்தை மாற்றாமல், ஆறு கம்பிகளையும் சேர்த்தே தளர்த்திவிடுவார். கம்பி தளர்ந்தால் ஒலி தடிக்கும், அழுத்துகிற விரலுக்கும் வலி குறையும். பழைய இசைத்தட்டில் கூர்மையாகக் கேட்ட பாட்டு மேடையில் இருண்டு, கனத்துக் கேட்டால் காரணம் இதுதான். இதைக் குறையாக நினைக்காதீர்கள். ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜோனுக்கு 1987இல் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு பழைய உச்சக் குரல் திரும்பவில்லை. தாழ்ந்த குரலை வைத்துக்கொண்டே 2023இல் கடைசிச் சுற்றுப்பயணத்தை முடிக்கும் வரை, 36 வருடம் பாடினார். அந்தத் தாழ்ந்த குரலைத்தான் ஒரு முழுத் தலைமுறை எல்டன் ஜோன் என்று அறிந்திருக்கிறது.

சுருதி இறங்குவதை எவரும் கேட்டுவிடலாம். அதை விட நுட்பமானது, எதை வாசிக்காமல் விடுகிறார்கள் என்பது. ஹட்டனில் ஒரு மண்டபத்தில் முதிய கிற்றார்க்காரர் ஒருவருக்கு ஒலியமைப்புச் செய்தேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக மடங்கவில்லை, மூட்டு வாதம். மேடைக்கு ஏறுமுன் பிளேன்டீக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், அது ஆறும் வரை உட்கார்ந்திருந்தார். பாட்டின் நடுவே அவருடைய தனி வாசிப்பு வந்தது. இளமையில் நாற்பது ஐம்பது சுரங்களைக் கொட்டிய இடம் அது. இப்போது மூன்று சுரம் வாசித்தார். நிறுத்தினார். பேஸ் ஒரு சுற்று போய் வந்தது. அதே மூன்றில் கடைசிச் சுரத்தை மட்டும் கம்பியை மெல்ல மேலே தள்ளி வளைத்து, அடுத்த வரி தொடங்கும் வரை விடாமல் பிடித்தார். அந்த வாசிப்பில் என்ன சொல்ல வந்தாரோ அது முழுவதும் வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அந்தக் கம்பி உலோகத்தில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. பெரிய மைதானத்தில் இதற்கு இடமே இல்லை. அங்கே மூன்று சுரம் வாசித்தால் மேடையில் ஏதோ பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

டிரம்ஸ்காரர்தான் இப்படிப்பட்ட கச்சேரியின் உயிர். பாடகரை விட அவரையே அதிகம் கவனியுங்கள். சிறிய மண்டபத்தில் டிரம்ஸை முழு வலுவில் அடித்தால் ஒலிபெருக்கியே இல்லாமல் சத்தத்தின் அளவு 100 டெசிபெலைத் தாண்டிவிடும். மற்ற மூவரும் அதோடு போட்டி போட வேண்டியதாகும். கைதேர்ந்தவர் தடித்த குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டியதையோ கம்பித் தூரிகையையோ எடுப்பார். மெதுவாக அடித்தும் அழுத்தம் குறையாமல் வாசிப்பது இளைஞர்களுக்கு எளிதில் வராது. தாளம் நிதானமாகியிருக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. முதல் சரணத்துக்கு உங்கள் காலால் தட்டிப் பாருங்கள். கடைசிச் சரணத்திலும் அதே அளவில் தட்ட முடிந்தால் அவர்கள் வேண்டுமென்றே அந்த நிதானத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நடுவில் இழுத்துக்கொண்டு போனால் களைத்துவிட்டார்கள். நான் கேட்ட முதியவர்களில் பெரும்பாலோர் முதல் வகை. குரலும் விரலும் தேய்கிற அளவுக்குத் தாளத்தைப் பிடிக்கிற உணர்வு தேய்வதில்லை.

பெரிய அரங்கில் வயதை மறைக்க ஆயிரம் வழி உண்டு: திரை, விளக்கு, பின்னால் நிற்கும் துணைப் பாடகர்கள், கூட்டத்தின் சத்தம். சிறிய மண்டபத்தில் ஒன்றும் இல்லை. அதனால்தான் பெரியவர்களில் சிலர் அதை விரும்பித் தேடிப் போகிறார்கள். 2025 பெப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த போல் மெக்கார்ட்னி, 82 வயதில், நியூயோர்க்கில் ஏறத்தாழ 575 பேர் மட்டுமே கொள்ளும் பவரி போல்ரூமில் மூன்று நிகழ்ச்சிகள் செய்தார். முதலாவதை அன்று பகலில்தான் அறிவித்தார்கள். மைதானங்களை நிரப்பக்கூடியவர் அங்கே போய் நின்றதைப் பணத்தால் விளக்க முடியாது. எதிரே நிற்கிற முகங்களைப் பார்த்து வாசிக்கும் வாய்ப்பு அவருக்கும் அரிதுதான். அதே வருடம் ஜூலை 5ஆம் திகதி பிளாக் சபத் என்ற ரொக் குழுவின் பாடகர் ஓசி ஒஸ்போர்ன் தன் சொந்த ஊரான பேர்மிங்ஹாமில், வில்லா பார்க் மைதானத்தில், சிங்காசனம் போன்ற இருக்கையில் அமர்ந்தபடி தன் கடைசிக் கச்சேரியைச் செய்தார். 22ஆம் திகதி காலமானார். அதுவும் மகத்தானதுதான். ஆனால் அது வழியனுப்பு விழா. உங்கள் அப்பாவுக்கு நுவரெலியாவில் கிடைக்கப்போவது அப்படிப்பட்டதில்லை. நான்கு பேர் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கப்போகிறார்.

மலையகத்தாருக்கு முதிய கலைஞரை மதித்துக் கேட்பது புதிதில்லை. மாசியில், மன்மதன் கதையை ஆடிப் பாடும் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் பாருங்கள். வாத்தியார் உட்கார்ந்தபடியே பாட்டெடுப்பார். ஆட்டமும் வேகமும் இளைஞர்களுடையது. அவர் குரல் கரகரத்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்த அடி எது, எந்த இடத்தில் தப்பு மேளம் நிற்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும் என்று கூட்டத்துக்குத் தெரியும். 2022 மார்ச்சில் ஜெனெசிஸ் என்ற ஆங்கில ரொக் குழு லண்டனில் தன் கடைசி நிகழ்ச்சியைச் செய்தபோது அதன் பாடகர் பில் கொலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அவர் புகழ்பெற்று வாசித்த டிரம்ஸை அவருடைய மகன் வாசித்தார். அந்தக் காட்சியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொன்னவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் காமன் பொட்டலில் அதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்.

ஆனால் சத்தம் குறைந்த கச்சேரிக்கு நம் ஊரார் பழகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சுவர்போல அடுக்கி, தோட்டத்தின் அடுத்த டிவிசன் வரை கேட்டால்தான் இசைக்குழு என்று ஏற்றுக்கொள்கிறோம். அந்த மேடைகளில் என் வாழ்க்கை ஓடியிருக்கிறது. அவற்றின் மேல் எனக்கு அன்பு உண்டு. இருந்தாலும் அங்கே பேஸ் வாசித்த காலம் முழுவதும் நான் வாசித்ததை நானே சரியாகக் கேட்டதில்லை. நுவரெலியாவில் பாட்டுக்கு நடுவே அமைதி வரும். அந்த அமைதியில் கை தட்டிவிடாதீர்கள், அது பாட்டின் பகுதி.

குளிரைப் பற்றிக் கொஞ்சம். தப்பின் தோல் பனியிலும் ஈரத்திலும் தொய்ந்துவிடும். அதனால் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுகிறோம். கிற்றாரின் எஃகுக் கம்பி இதற்கு நேர்மாறு. குளிரில் சுருங்கிச் சுருதி மேலே ஏறும். மேடை விளக்கின் சூட்டிலும் விரல் சூட்டிலும் மெல்ல இறங்கும். கொழும்பின் வெக்கையில் சுருதி சேர்த்த கிற்றார் நுவரெலியா இரவில் அரை மணி நேரத்துக்கு அடங்காது. எனவே முதல் சில பாட்டுகளுக்கு இடையே அவர்கள் அடிக்கடி நின்று கம்பியை முறுக்கினால் பொறுமையாக இருங்கள். நல்ல குழு அன்று மதியமே வாத்தியங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மண்டபத்தில் வைத்துவிடும். மழைதான் உண்மையான எதிரி. கூரை தகரமாக இருந்து மழை பிடித்துக்கொண்டால் மெல்லிய பாட்டெல்லாம் அடிபட்டுப் போகும். நீங்கள் சொன்ன மண்டபம் ஓட்டுக் கூரையும் பலகைத் தரையும் உள்ள பழைய கட்டடமாக இருந்தால் அதிர்ஷ்டசாலிகள். பலகைத் தரையில் பேஸின் ஒலி உங்கள் பாதம் வழியாகவும் ஏறும்.

இவர்கள் எந்த மரத்தின் கிளை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிக்கெட்டின் விலையை எடைபோட அது வேண்டும். 1960களின் பின்பகுதியிலும் 70களிலும் இந்த நாட்டில் கிற்றார் இசை மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் பொங்கியது. தமிழில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று தொடங்கி வைத்ததைப் பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் அழைத்தோம். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து போனது. சிங்கள மெல்லிசைக்கு மின்சாரக் கிற்றாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தன நம் மலையகத்தில், ஹப்புத்தளையில், 1943இல் பிறந்தவர். அவருடைய மூன்ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டுகள் தோட்டத்து லயன் வீடுகளின் வானொலிகளில் ஒலித்தபோது மொழி புரியாதவர்களும் கூடவே பாடினார்கள். ஜிப்சீஸ் என்ற சிங்கள இசைக்குழு 1971இல் தொடங்கியது. ஹோட்டல்களில் ஆங்கில ரொக் வாசித்தவர்கள் இந்த அலையின் இன்னொரு முகம். பகலில் ஒரு மொழிக்கு ஒலிப்பதிவு, இரவில் இன்னொரு மொழிக்கு மேடை என்று வாழ்ந்தவர்கள் அவர்களில் உண்டு. அந்த விதை இங்கே அழிந்துவிடவில்லை. பரனொய்ட் ஏர்த்லிங் என்ற ரொக் குழு 2001இல் கண்டியில்தான் உருவானது.

கிளாரன்ஸ் 1996இல், 53 வயதிலேயே போய்விட்டார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார். ஜிப்சீஸின் சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில். பைலா என்ற துள்ளல் இசையால் மேடைகளை ஆட வைத்த டெஸ்மண்ட் டி சில்வா 2022 பெப்ரவரியில். இந்த வரிசையைப் பார்த்துவிட்டு "அடுத்த வருடம் போகலாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லா முதியவர் கச்சேரியும் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மேடையில் ஒருவர் பாட மூன்று குரல் கேட்டால், பாடகர் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிய பிறகும் குரல் குறையாமல் வந்தால், முன்கூட்டிப் பதிந்ததை ஓடவிட்டு வாயசைக்கிறார்கள் என்று பொருள். அதற்கு ஐந்து சதம்கூடக் கொடுக்காதீர்கள். பழைய பெயரை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் இருந்த ஒருவர்கூட இல்லாமல் வரும் குழுக்களும் உண்டு. டிக்கெட் வாங்குமுன் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேடையேறும் நால்வரும் யார் யார், எல்லாவற்றையும் நேரடியாக வாசிக்கிறார்களா? நேர்மையானவர்கள் உடனே பதில் சொல்வார்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இனி அப்பாவின் காது. வயதால் காது மந்தமாகும்போது முதலில் போவது உயர்ந்த ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை மங்கும், உயிரொலிகள் நிற்கும். அதனால்தான் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை" என்பார்கள். இன்னொன்றும் உண்டு. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்குப் பெரிய ஒலி சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் குறுகிவிடுகிறது. எனவே அவருக்காக ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் இடம் பிடிக்காதீர்கள். முன்னாலிருந்து மூன்றாவது நான்காவது வரிசையில், இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே, பாடகரின் வாய் தெரிகிற இடமே அவருக்கு நல்லது. உதட்டசைவைப் பார்த்தால் பாதி வரி தானாகப் புரியும். மீதியை அவர் மனப்பாடமாக வைத்திருப்பார். ஒரு காது மற்றதை விட நன்றாகக் கேட்குமானால் அந்தக் காது மேடைப் பக்கம் இருக்கட்டும். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் கால் மணி நேரத்துச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன அளவு. உங்கள் கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மிகவும் கூடினால் இடைவேளையில் ஒலியமைப்பாளரிடம் போய் மரியாதையாகச் சொல்லுங்கள். என்னிடம் அப்படி வந்து சொன்ன யார் மேலும் நான் கோபப்பட்டதில்லை. பஞ்சை உருட்டிக் காதில் வைப்பதால் பெரிய பயன் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் ஒரு சோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பளிச் சால்வையும் தொப்பியும் அப்பாவுக்கு. உங்கள் கைப்பேசி ஒரு பாட்டை மட்டும் பதியட்டும், அதன் பிறகு பைக்குள் போகட்டும்.

முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். சிறிய மண்டபத்தின் இன்னொரு பெரிய வசதி இதுதான்: கலைஞர்கள் வெளியேறப் பின்வாசல் இருக்காது. வாத்தியங்களைப் பெட்டியில் வைத்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். "உங்கள் பாட்டென்றால் எனக்கு உயிர்" என்று ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள். அதற்குப் பதிலாக, இன்ன பாட்டின் ஒலிப்பதிவில் பேஸ் வாசித்தது யார், எந்தக் கூடத்தில் பதிந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அக்காலத்துச் சிறிய இசைத்தட்டுகளில் பாடகர் பெயர் இருக்கும், பக்கத்தில் வாசித்தவர்களின் பெயர் இருப்பது அரிது. அந்தப் பெயர்கள் இப்போது இவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. அனுமதி கேட்டு, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அப்பாவிடம் பழைய இசைத்தட்டோ கசெட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள், கையெழுத்து வாங்க அழியாத மைப் பேனா ஒன்றும்.

இதற்கெல்லாம் நேரமாகும். அந்த நேரத்தில் நுவரெலியாவிலிருந்து கொட்டகலைக்குப் பஸ் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். டிக்கெட் வாங்கும்போதே தெரிந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேனைப் பேசி வைத்துவிடுங்கள். தலவாக்கலை வரைக்கும் பனி மூட்டம் இருக்கும், அந்தப் பாதையில் இரவு ஓட்டிப் பழகிய சாரதியாகப் பாருங்கள்.